எலுமிச்சம்பழம் சொன்ன சாட்சி: வீட்டுக்குக் கல் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

போன வருஷம் ஏனாத்தூர் வீட்டின் சமையலறையைப் புதுப்பித்தோம். முப்பது வருஷப் பழைய கடப்பா மேடையை எடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரி பளபளக்கிற கறுப்பு கிரானைட் போட்டோம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடிவந்த மூன்றாம் நாள் ராத்திரி ரசத்துக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிய அம்மா, மிச்சப் பாதியை மேடையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையில் பழத்தை எடுத்தால் அடியில் ஒரு வெள்ளை வட்டம். துடைத்தேன், போகவில்லை. சோப்பு போட்டேன், போகவில்லை. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் லேசாகச் சொரசொரப்பு.

"புதுக் கல்லுன்னு சொன்ன? பழசு இந்த மாதிரி பண்ணதே இல்லையேப்பா" என்றார் அம்மா.

கடையில் கேட்டபோது, "கறை சார், பாலிஷ் போட்டா போயிடும்" என்றார்கள். தொழிலில் நான் பக் தேடுகிறவன். "கறை" என்ற பதில் எனக்கு ஒட்டவில்லை. கறை என்றால் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்க வேண்டும். இங்கே எதுவும் உள்ளே போகவில்லை, மேலே இருந்த ஏதோ ஒன்றுதான் காணாமல் போயிருக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மாசம் படித்ததன் சுருக்கம் இது. வீடு கட்டுகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் உதவட்டும்.

கடை கிரானைட்டும் பாறையியல் கிரானைட்டும்

முதலில் ஒரு பெயர்க்குழப்பம். புவியியலில் கிரானைட் என்றால், பூமிக்கடியில் மெதுவாக ஆறி உறைந்த, குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்த பாறை. கொஞ்சம் மைக்காவும் இருக்கும். வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும். கடையில் கிரானைட் என்றால், பாலிஷ் ஏறும் கெட்டியான கல் எதுவானாலும் கிரானைட்தான். நைஸ், டோலரைட், கேப்ரோ, சார்னோகைட் எல்லாம் அந்த ஒரே பெயரில் விற்கிறது.

கறுப்பு கிரானைட் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. டோலரைட் அல்லது கேப்ரோ. அதில் குவார்ட்ஸ் இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. விழுப்புரம் பக்கத்துக் குன்னம் பிளாக் இந்த வகை. கறுப்பில் பொன்னிறப் புள்ளி மின்னும் பிளாக் கேலக்ஸி, ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்தில் சீமகுர்த்தியில் எடுக்கிற கேப்ரோ வகைக் கல். இதெல்லாம் ஏமாற்று அல்ல, வியாபார வழக்கு. சமையல் மேடைக்கு இவை நல்ல கற்களும்கூட.

ஊர்ப்பெயரையும் நம்ப வேண்டாம். காஷ்மீர் ஒயிட் என்று விற்கிற, வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி வைத்த கல்லுக்கும் காஷ்மீருக்கும் சம்பந்தம் இல்லை. அது தமிழ்நாட்டுக் கல். அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட். அதில் இரும்பு இருப்பதால், ஈரம் தங்குகிற இடத்தில் நாளடைவில் பழுப்புக் கறை படியலாம்.

நம் பக்கத்துப் பாறை ஒன்றின் கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கல்கத்தாவை நிறுவியவர் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக் 1690-களில் இறந்தார். அவருடைய கல்லறை கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இருநூறு வருஷம் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கிற அதே பாறை. அந்த வகைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்து 'சார்னோகைட்' என்றார். இன்று உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பல்லாவரத்துக் கல் கல்கத்தாவில் கிடந்து, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரர் பெயரில் உலகப்புகழ் பெற்றுவிட்டது!

உண்மையில் இரண்டே குடும்பம்

கடைப் பெயர்களை மறந்துவிடுங்கள். வீட்டு உபயோகத்துக்குக் கல்லை இரண்டு குடும்பமாகப் பிரித்தால் முக்கால்வாசி பிரச்சினை தீர்ந்தது.

ஒன்று, சிலிக்கா குடும்பம். கிரானைட், நைஸ், சார்னோகைட், டோலரைட், கேப்ரோ எல்லாம் இதில் அடக்கம். புளி, எலுமிச்சை, தயிர், வினிகர் எதுவும் இவற்றை ஒன்றும் செய்யாது.

இரண்டு, சுண்ணாம்புக் குடும்பம். மார்பிள், கடப்பா, ராஜஸ்தான் கோட்டா கல் மூன்றும் இதில் வரும். இவற்றின் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். அதன் மேல் அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கல்லின் மேல்பரப்பு கரையும். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். நம் சமையலில் அமிலம் இல்லாத நாளே கிடையாது, சாம்பார், ரசம், மோர்க்குழம்பு என்று.

கெட்டித்தன்மையிலும் இதே பிரிவுதான். ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, சுண்ணாம்புக் கல்லின் கால்சைட் வெறும் 3. நம் வீட்டுக் கத்தி ஏறக்குறைய 5½. கிரானைட்டில் கத்தி மழுங்கும். மார்பிளிலும் கடப்பாவிலும் கல்லில் கோடு விழும்.

இதைப் படித்த அன்றே ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். சிங்க் வைக்க அறுத்து எடுத்த மிச்சத் துண்டு கொல்லையில் கிடந்தது. ஆணியால் கீறினேன், வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டில் கழிவறை ஆசிட் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது. எங்கள் வீட்டுக் கறுப்பு கிரானைட், நன்றாகப் பாலிஷ் ஏற்றிய கடப்பா! பழைய கடப்பாவை எடுத்துவிட்டு, கிரானைட் விலை கொடுத்துப் புதுக் கடப்பா போட்டிருக்கிறேன்.

அப்படியானால் பழைய கடப்பா ஏன் கெடவில்லை?

அம்மாவின் கேள்வி நியாயமானது. முப்பது வருஷம் அதே புளியும் எலுமிச்சையும் பட்டும் பழைய மேடையில் ஏன் வெள்ளை வட்டம் இல்லை?

இருந்தது, தெரியவில்லை. அதுதான் விடை. பழைய கல் பாலிஷ் இல்லாத கல். கண்ணாடி மாதிரி பரப்பில் ஒரு இடம் மட்டும் கரைந்தால், அங்கே வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. ஏற்கெனவே மங்கலாக இருக்கிற பரப்பு முழுக்கச் சமமாகக் கரைந்தால் கண்ணுக்குப் படாது. கடப்பா கெட்ட கல் அல்ல. ஆந்திராவின் கடப்பா, கர்னூல் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை அது. பலகை பலகையாகப் பிரிந்து வருவதால், நம் வீடுகளில் அலமாரித் தட்டு, பரண், மாடக்குழி எல்லாவற்றுக்கும் மலிவாகக் கைகொடுத்தது. அதற்கு இல்லாத பளபளப்பைக் கொடுத்து, அதில் இல்லாத குணத்தை எதிர்பார்த்ததுதான் தப்பு.

கறைக்கும் அரிப்புக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். மஞ்சள், எண்ணெய், காபி உள்ளே போய்த் தங்கினால் கறை. அமிலம் மேல்பரப்பைத் தின்றால் அரிப்பு. கறையை வெளியே இழுக்க முடியும். அரிப்பை எதுவும் இழுக்க முடியாது, மறுபடி தேய்த்துப் பாலிஷ் போடுவது ஒன்றே வழி. 'சீலர்' அடித்தால் எல்லாம் சரியாகும் என்று கடையில் சொல்வார்கள். சீலர் கல்லின் நுண்துளைகளை அடைத்துக் கறையைத் தாமதப்படுத்தும். அரிப்பைத் தடுக்காது.

கைலாசநாதர் கோயிலில் ஒரு பாடம்

இந்தக் குழப்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். சின்ன வயசிலிருந்து பார்க்கிற கோயில்தான். இந்த முறை சிற்பத்தை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் பார்த்தேன்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அடித்தளத்தில் கருங்கல் வரிசை, அதற்கு மேல் எல்லாம் மணற்கல். ஏன் இரண்டு கல்? பாரத்தையும் தரையின் ஈரத்தையும் தாங்க அடியில் கெட்டிக் கல். நுணுக்கமாகச் செதுக்க மேலே மெத்தென்ற கல். வேலைக்கேற்ற கல்!

ஆனால் மணற்கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் மணல் துகள் குவார்ட்ஸ்தான், கெட்டிதான். துகளையும் துகளையும் ஒட்டுகிற பசைதான் பலவீனம். நீரை உறிஞ்சும், உள்ளே உப்பு படிகமாகும், மேல்தோல் பொடிந்து உதிரும். பல சிற்பங்கள் முகம் கரைந்து நிற்பதையும், மேலே சுதை பூசிச் செப்பனிட்டிருப்பதையும் அங்கே பார்க்கலாம். அடியில் இருக்கிற கருங்கல்லோ இன்னும் விளிம்பு மழுங்காமல் இருக்கிறது.

1,300 வருஷமாக நடக்கிற ஒரு சோதனைக்கூடம் நம் ஊரிலேயே இருக்கிறது. நான் மாதிரித் துண்டைச் செல்போனில் படம் எடுத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

வாங்கும் முன் ஐந்து சோதனைகள்

கடையில் ஒரு கையகல மாதிரித் துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இவற்றைச் செய்யுங்கள்.

1. எலுமிச்சை. பாலிஷ் பக்கத்தில் அரை மூடி எலுமிச்சையைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வெள்ளை வட்டம் இருந்தால் சுண்ணாம்புக் குடும்பம்.

2. ஆணி. மூலையில் அழுத்திக் கீறித் துடைத்துப் பாருங்கள். கல்லில் பள்ளமாகக் கோடு விழுந்தால் மெத்தென்ற கல். இரும்பின் சாம்பல் தடம் மட்டும் இருந்து அது துடைத்தால் போய்விட்டால் கெட்டிக் கல்.

3. தண்ணீர். ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். துடைத்த பிறகு அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் உறிஞ்சுகிறது. வெளிர் நிறக் கற்களில் இது சகஜம். சீலர் தேவைப்படும், மஞ்சளும் எண்ணெயும் கவலை தரும்.

4. நகப்பூச்சு நீக்கி. கறுப்புக் கல்லாக இருந்தால், அசிட்டோன் கலந்த நீக்கியில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால், சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ஆறே மாசத்தில் அடுப்பு ஓரம் வெளுக்கும்.

5. தட்டிப் பார்ப்பது. இதை முழுப் பலகையில் கடையிலேயே செய்யுங்கள். விரல் முட்டியால் பல இடங்களில் தட்டினால் ஒரே மாதிரி கணீர் என்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், அதை எபாக்ஸி போட்டு மறைத்திருக்கலாம். நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கல் எடுக்கும்போது ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பது இந்தத் தட்டிப் பார்க்கும் மரபுதான். விரிசல் அதிர்வைத் தின்றுவிடும். இயற்பியல் அவ்வளவே.

எங்கே எந்தக் கல்?

சமையல் மேடை: சிலிக்கா குடும்பம் மட்டும். அடர் நிறமாக இருந்தால் கவலை குறைவு. 18 மி.மீ. கனத்தில் ஒரு சதுர அடி ஏறக்குறைய 4½ கிலோ வரும். பத்தடி நீளம் இரண்டடி அகல மேடைக்கு 90 கிலோ. கறுப்புக் கற்கள் இன்னும் கனம். கீழே வெறும் மரப்பலகை அலமாரி வைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்க் ஓரம்: போர்வெல் தண்ணீரில் வெள்ளைப் பொருக்கு படியும். அது தண்ணீரிலிருந்து வந்த சுண்ணாம்பு. கிரானைட் மேடையாக இருந்தால் வினிகரால் துடைத்தால் போய்விடும். அதே வினிகர் கடப்பாவையும் மார்பிளையும் கெடுக்கும். பார்க்க ஒரே வெள்ளைதான், மருந்து நேர் எதிர். கல் எது என்று தெரியாமல் துடைக்கக் கூடாது.

பூஜை அறை: மார்பிள் தாராளமாகப் போடலாம். விளக்கெண்ணெய் சிந்துகிற இடத்தில் மட்டும் ஒரு தட்டு வையுங்கள். எண்ணெய்க் கறை விழுந்துவிட்டால், சமையல் சோடாவைக் களிபோல் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டால் பெரும்பகுதி இழுத்துக்கொள்ளும்.

குளியலறைத் தரை, படிக்கட்டு: எந்தக் கல்லானாலும் பாலிஷ் கூடாது. நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய 'ஃப்ளேம்' பரப்பு கேளுங்கள். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் இது அழகுப் பிரச்சினையே அல்ல.

மொட்டை மாடி, வாசல், கார் நிறுத்துமிடம்: அடர் நிறம் வேண்டாம். சித்திரை மாசம் மதியம் கோயில் வெளிப்பிராகாரத்தில் வெறுங்காலோடு ஓடியவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

சுத்தம் செய்ய: சாதாரண பாத்திர சோப்பு போதும். சில துரு நீக்கிகளில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். அது கிரானைட்டையும் அரிக்கும். கைக்கும் ஆபத்து.

கடைசியாக ஒன்று, ஆனால் முக்கியமானது

கடப்பாவைக் கழற்றிவிட்டு உண்மையான கறுப்புக் கல் வாங்கினேன், ஐந்து சோதனையும் செய்து. பொருத்த வந்தவர் மேஸ்திரி ஒருவர், கூட இருபது வயசுகூட ஆகாத ஒரு பையன். அடுப்புக்கும் சிங்குக்கும் ஓட்டை போட, சமையலறைக்குள்ளேயே கட்டரை எடுத்தான். இரண்டு நிமிஷத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, அவ்வளவு தூசி. அவன் மூக்கில் ஒரு கர்ச்சீஃப் மட்டும்.

எனக்கு அமிலமும் மோஸ் அளவுகோலும் தெரியும். அந்தத் தூசியைப் பற்றி அதுவரை யோசிக்கவே இல்லை. எந்தக் குவார்ட்ஸ் கிரானைட்டுக்குக் கெட்டித்தன்மை தருகிறதோ, அதேதான் நுண்தூசியாகி நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். குணப்படுத்த மருந்து கிடையாது. ஆபத்தான துகள் முடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதைவிடச் சின்னதும் உண்டு. கர்ச்சீஃப் அதை நிறுத்தாது. சட்டப்படி இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனால் வீடு வீடாகப் போய்க் கல் அறுக்கிற பையன் எந்தத் தொழிற்சாலைக் கணக்கில் வருவான்?

குவார்ட்ஸ் தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்கிற செயற்கைக் கல்லில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், காரணம் அதில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் நோயாளி ஆனதைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. என்னுடைய கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் குறைவு. ஆனால் அந்தப் பையன் நாளைக்கு அறுக்கப்போகிற கல் எது என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

"தம்பி, நிறுத்துப்பா" என்றேன்.

"பழக்கம்தான் சார், ஒண்ணும் ஆவாது" என்றான்.

பலகையை வாசலுக்குக் கொண்டுபோனோம். நான் ஒரு பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றேன். கட்டரை மின்கசிவுப் பாதுகாப்பு உள்ள பிளக்கில் மாட்டினோம். கொரோனா காலத்து என்-95 முகக்கவசம் பீரோவில் மிச்சம் இருந்தது, அம்மா எடுத்துக் கொடுத்தார். தூசி சேறாகி வழிந்தது. அரை மணி நேர வேலை முக்கால் மணி நேரம் ஆனது, அவ்வளவுதான்.

இன்னொரு முறை செய்வதாக இருந்தால் வேறு மாதிரி செய்வேன். சிங்க், அடுப்பு அளவை முன்னாலேயே கொடுத்து, எல்லா ஓட்டையையும் பட்டறையிலேயே தண்ணீர் ஓடுகிற இயந்திரத்தில் அறுத்து வாங்குவேன். வீட்டில் அறுத்தே ஆக வேண்டும் என்றால், வெளியில், தண்ணீர் ஊற்றி, சரியான முகக்கவசத்தோடு. கல் வாங்கப் பேரம் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். ஒரு முகக்கவசத்தின் விலை ஒரு சதுர அடி கல்லின் விலையில் சின்னப் பங்குகூட இல்லை.

பழைய கடப்பா பலகைகள் வீணாகவில்லை. பின்கட்டில் செடித்தொட்டி வைக்கிற மேடை ஆகிவிட்டன. புது மேடையில் அம்மா இன்னும் எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்துத்தான் வைக்கிறார். காலையில் எழுந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான்.